ஊசி போட்டால் நடக்கிறாள், மருந்தின் வேகம் குறைந்தால் நொண்டுகிறாள்

சென்னைக் கடற்கரையில் குதிரைச் சவாரி விட்டுக் குடும்பம் நடத்தும் 28 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் பகுதியும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் குதிரையின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். லட்சுமி என்று வைத்துக்கொள்வோம். எட்டு வயதுப் பெண் குதிரை. அப்பா விட்டுப்போன இரண்டு குதிரைகளில் அவள்தான் சாது. குழந்தைகளை ஏற்றுவது அவள் மேல்தான் என்பதால் வீட்டு வருமானத்தில் பெரும்பகுதியும் அவளால்தான் வருகிறது.

மாதாமாதம் வந்து லாடம் கட்டிக்கொண்டிருந்த பெரியவர் உடம்பு முடியாமல் சொந்த ஊருக்குப் போய்விட்டார். அடுத்த மூன்று மாதமும் பழைய லாடத்தோடேயே ஓட்டியிருக்கிறார்கள். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, செங்கல்பட்டுப் பக்கம் மாடுகளுக்கு லாடம் கட்டுகிற ஒருவரைக் கூட்டிவந்தார்கள். அவர் முதலில் கயிறு போட்டுக் குதிரையைச் சாய்க்கப் பார்த்தாராம், வாசகர் விடவில்லை. வலது முன்காலில் மூன்றாவது ஆணி இறங்கும்போது லட்சுமி காலைப் பிடுங்கியிருக்கிறாள். "புது லாடம், ரெண்டு நாள்ல பழகிடும்" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிவிட்டார். வியாழக்கிழமை லேசாக நொண்டல். சனிக்கிழமை நன்றாகவே நொண்டினாள். ஞாயிறு மதியம் பக்கத்து லாயத்து அண்ணன் மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் என்ற வலி ஊசியை வாங்கிவந்து போட, சாயங்காலத்துக்குள் லட்சுமி நடந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை விட மனமில்லாமல் கடற்கரைக்கும் ஓட்டிப்போனார்கள். திங்கள் விடிந்தபோது வலது முன்காலைத் தரையில் வைக்கவே இல்லை.

தோள்பட்டை பிசகிவிட்டது, சூடு போட்டால் சரியாகும் என்கிறார் அந்த அண்ணன். இன்னொருவர் 15,000 ரூபாய் தருகிறேன், அப்படியே கொடுத்துவிடு என்கிறார். வாசகர் கேட்பவை இவை: இது தோள்தானா? சூடு போடலாமா? இனி லாடமே இல்லாமல் விட்டுவிட்டால் என்ன? லாடம் கட்டியவர் மேல் போலீசில் புகார் கொடுக்கலாமா? குணமாகாது என்றால் விற்றுவிடுவதா?

பத்திரிகையில் பதில் வரும்வரை காத்திருக்கக்கூடிய விஷயம் இல்லை இது. அதனால் கடிதம் கைக்கு வந்த அன்றே, குதிரையை நடத்திக் கூட்டிப்போகாமல் மினி லாரியில் மணலும் வைக்கோலும் பரப்பி ஏற்றி வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்படி தனியாகச் சொல்லிவிட்டோம். 1903 முதல் இயங்கும் கல்லூரி அது. பெரிய கால்நடைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு, எக்ஸ்ரே உண்டு, செலவும் தனியாரிடம் ஆவதைவிடக் குறைவு. கீழே எழுதுவது உங்களுக்கும், உங்களைப் போலக் குதிரையை நம்பிப் பிழைக்கும் மற்றவர்களுக்கும்.

தோளை விடுங்கள், குளம்பைப் பாருங்கள்

தம்பி, உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மிகச் சரியாக எழுதியிருக்கிறீர்கள். "வலது கால் தரையில் படும்போதெல்லாம் தலையைத் தூக்குகிறாள்." முன்காலில் வலி இருக்கும் குதிரை அப்படித்தான் நடக்கும். வலிக்கிற கால் தரையில் படும்போது தலை நிமிரும், நல்ல காலில் பாரத்தைப் போடும்போது தலை தாழும். வலது முன்காலில் வலி என்பதுவரை அதை வைத்தே சொல்லிவிடலாம். அந்தக் காலில் எந்த இடம் என்பது அடுத்த கேள்வி. முன்கால் நொண்டல் என்றதும் தோளைக் கைகாட்டுவது கடற்கரையில் பழைய வழக்கம். தோள் அடிபட்டு நொண்டும் குதிரைகளும் இருக்கின்றன, ஆனால் குறைவு. முன்கால் நொண்டலில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் முழங்காலுக்குக் கீழே, அதிலும் குளம்புக்குள்ளேயேதான் இருக்கும். குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தைத் தாங்குவது முன்கால்கள் இரண்டும்தான். சவாரி ஆளும் ஏறினால் அந்தப் பாரம் இன்னும் கூடும்.

லாடம் கட்டிய ஒரு வாரத்துக்குள் நொண்டல் வந்தால், வேறெதையும் யோசிக்கும் முன் ஆணியைத்தான் சந்தேகப்பட வேண்டும். குளம்பின் வெளிச்சுவருக்கு உணர்ச்சி கிடையாது. அதில் ஆணி இறங்குவது குதிரைக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சுவருக்கு உள்பக்கம் ரத்தமும் நரம்பும் நிறைந்த சதை இருக்கிறது. நம் விரல் நகத்தை ஒட்ட வெட்டினால் எந்த இடத்தில் சுரீர் என்கிறதோ, அந்த மாதிரி இடம். குளம்பைத் தூக்கி அடிப்பக்கத்தைச் சுத்தம் செய்து பார்த்தால், சுவரும் அடித்தளமும் சேரும் இடத்தில் வெளிர்மஞ்சளாக மெல்லிய கோடு சுற்றி ஓடுவது தெரியும். வெள்ளைக் கோடு என்போம். ஆணி அந்தக் கோட்டிலோ அதற்கு வெளியிலோதான் நுழைய வேண்டும்.

ஆணி உள்ளே தவறிப்போவது இரண்டு விதம். நேராகச் சதையிலேயே குத்திவிட்டால் குதிரை அந்த நொடியே காலைப் பிடுங்கும், சில சமயம் ஆணியைப் பிடுங்கியதும் துளையில் ரத்தம் தெரியும். சதையைத் தொடாமல் அதை ஒட்டிப் போய் அழுத்திக்கொண்டிருந்தால் முதல் நாள் ஒன்றும் தெரியாது, இரண்டு மூன்று நாள் கழித்து நொண்டும். லட்சுமிக்கு நடந்தது முதல் விதம் என்றே நினைக்கிறேன். ஆணியோடு அழுக்கும் உள்ளே போயிருக்கும். குளம்புக்குள் சீழ் கட்டினால் வீங்கி வெளியே வர இடமில்லை, சுற்றிலும் கெட்டியான சுவர். அதனால்தான் அழுத்தம் ஏறி, எலும்பு முறிந்ததோ என்று பயப்படும் அளவுக்குக் காலைத் தூக்கிக்கொள்கிறாள். ஒரே இரவில் மூன்று காலில் நிற்கும் குதிரைகளில் அதிகம் பார்ப்பது குளம்புச் சீழைத்தான். பார்ப்பதற்குப் பயங்கரமாக இருக்கும், ஆனால் நேரத்தோடு திறந்துவிட்டால் நன்றாகக் குணமாகிற நோய்.

சூடு போடுவதைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். குளம்புக்குள் இருக்கும் சீழுக்குத் தோளில் சூடு போட்டால் இன்னொரு புண்தான் மிச்சம். தோளிலேயே கோளாறு இருந்தாலும் சூடு அதைத் தீர்க்காது. மிருகவதைத் தடுப்புச் சட்டம், 1960, தேவையில்லாமல் வலி கொடுப்பதைக் குற்றமாகவே வைத்திருக்கிறது.

மாட்டு லாடம் வேறு, குதிரை லாடம் வேறு

நீங்கள் அழைத்துவந்தவரின் தொழிலை நான் குறைத்துப் பேசவில்லை. வண்டி மாட்டைக் கயிற்றால் சாய்த்து, நான்கு காலையும் சேர்த்துக் கட்டி, அரை மணியில் எட்டுத் தகடு அடித்துவிட்டு எழுப்பிவிடுகிற கைப்பழக்கம் லேசுப்பட்டதல்ல. ஆனால் மாட்டுக்குக் குளம்பு பிளந்தது, ஒரு காலுக்கு இரண்டு தகடு. குதிரைக்கு ஒற்றைக் குளம்பு, ஒரே வளைந்த லாடம். மாட்டைப் படுக்கவைத்து அடிப்பார்கள். குதிரையை நிற்கவைத்து, காலைத் தூக்கி மடியில் வைத்துத்தான் அடிக்க வேண்டும். சாய்க்க முயன்றால் மிரண்டு விழுந்து இடுப்பையோ கழுத்தையோ உடைத்துக்கொள்ளும். நீங்கள் தடுத்தது ரொம்பச் சரி.

குதிரை ஆணியைக் கையில் எடுத்துப் பாருங்கள். நுனியில் ஒரு பக்கம் மட்டும் சரிவாகச் சீவியிருக்கும். அந்தச் சரிவு குளம்பின் உள்பக்கம் பார்த்திருந்தால், அடிக்க அடிக்க ஆணி வெளிப்பக்கமாக வளைந்து, சுவரில் சுமார் இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் நுனி வெளியே வரும். திருப்பிப் பிடித்து அடித்தால் உள்ளே சதையைப் பார்த்துப் போகும். மேல்நுனியை முறித்து மடக்கி அரத்தால் தேய்த்தால் வேலை முடிந்தது. ஆறிலிருந்து எட்டு ஆணி போதும். அதிலும் குளம்பின் அகலமான இடத்துக்குப் பின்னால் ஆணி வரக் கூடாது. ஒவ்வொரு அடிக்கும் குளம்பின் பின்பகுதி லேசாக விரிந்து சுருங்கும். பாதத்துக்குள் ரத்தம் ஓடுவதற்கு அந்த அசைவு துணை செய்கிறது. பின்பக்கமும் ஆணி அடித்துக் கட்டிப்போட்டால் அந்த அசைவு தடைபடும்.

இதெல்லாம் அவருக்குத் தெரியாமல் போனதற்கு அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. உங்கள் பக்கமும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. "லாடம் இன்னும் தேயவில்லையே என்று மூன்று மாதம் விட்டோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். லாடத்தை மாற்ற வேண்டிய காலத்தைத் தீர்மானிப்பது இரும்பின் தேய்மானம் இல்லை, குளம்பின் வளர்ச்சி. குளம்பு மாதத்துக்குச் சுமார் 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். லாடம் இருந்தால் தரையில் தேயாது, வளர்ந்துகொண்டே போகும். மூன்று மாதத்தில் முன்பக்கம் ஓர் அங்குலம்வரை நீண்டுவிடும். பின்பகுதி முன்னோக்கிச் சரியும், லாடத்தின் பின்முனை அடித்தளத்தில் ஏறி அழுத்தும், காலின் பின்பக்கத் தசைநாண் இழுபடும். அப்படி நீண்ட குளம்பை அனுபவமில்லாத ஒருவர் ஒரே நாளில் ஒட்ட வெட்டி, மெலிந்த சுவரில் ஆணியும் அடித்தால் தவறு நடக்க வாய்ப்பு கூடத்தான் செய்யும். லாடம் புதிதாகவே இருந்தாலும் நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, குளம்பைச் சீர்செய்து, தேயாத லாடமாக இருந்தால் அதையே திரும்பக் கட்டலாம். எட்டு வாரத்தைத் தாண்ட விடாதீர்கள்.

அந்த ஊசி

இதைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஊசி வலியை மட்டும்தான் எடுத்தது. ஆணி அங்கேயே இருந்தது, சீழும் அங்கேயே இருந்தது. வலி தெரியாத குதிரை தாரோட்டிலும் மணலிலும் முழுப் பாரத்தையும் அந்தக் காலில் போட்டு நடந்தது. திங்கள் காலை நிலைமைக்கு அதுவும் ஒரு காரணம். வலி ஊசியால் நடக்கிற குதிரையைக் குணமான குதிரை என்று எண்ணிக் குழந்தையை ஏற்றுவது குழந்தைக்கும் ஆபத்து. தடுமாறி விழுந்தால் இருவரும் சேர்ந்துதான் விழுவார்கள்.

டைக்ளோஃபெனாக் மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது இந்தியாவில் 2006 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. அந்த மருந்து ஏறிய மாட்டின் சடலத்தைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம்கூட்டமாகச் செத்தன. தமிழ்நாட்டில் இன்று அவை பிழைத்திருக்கும் முக்கிய இடம் நீலகிரியின் அடிவாரத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்கு. மனிதருக்கான பெரிய புட்டிகளை வாங்கி மாட்டுக்குப் போடுவதைத் தடுக்கத்தான் 2015-ல் அந்த ஊசி ஒருவேளை அளவுப் புட்டியில் மட்டுமே வர வேண்டும் என்று ஆக்கினார்கள். கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகிய வலி மருந்துகளுக்கும் 2023-ல் கால்நடைத் தடை வந்தது. குதிரைக்குப் பொருத்தமான வலி மருந்துகள் வேறு இருக்கின்றன. அவற்றிலும் அளவு தவறினால், குறிப்பாகத் தண்ணீர் போதாத குதிரைக்கு, குடலும் சிறுநீரகமும் கெடும். மருத்துவர் எழுதித்தந்ததைத்தான் கொடுக்க வேண்டும். பக்கத்து லாயத்து அண்ணன் நல்லெண்ணத்தில் செய்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் கால்நடைக்கு மருத்துவம் பார்ப்பது பதிவு பெற்ற கால்நடை மருத்துவருக்கு உரியது என்று 1984-ம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் சொல்வதற்குக் காரணம் இந்த மாதிரி ஞாயிற்றுக்கிழமைகள்தான்.

மருத்துவமனையில் என்ன நடக்கும், வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது என்ன

முதலில் ஒவ்வொரு ஆணியாகக் குறடால் அழுத்திப் பார்ப்பார்கள். கால் எந்த ஆணியில் துடிக்கிறதோ அதுதான் குற்றவாளி. லாடத்தைக் கழற்றி, அந்த ஆணித்துளையைக் குளம்புக் கத்தியால் சின்னதாகத் தோண்டுவார்கள். சரியான இடம் கிடைத்ததும் கத்தி முனையில் கறுத்த சாம்பல் நிறத்தில் தண்ணீராகச் சீழ் வரும். அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறக்க மாட்டார். சில குதிரைகள் அந்த நிமிஷமே பெருமூச்சு விட்டுக் காலைக் கீழே வைக்கும். துளை பெரிதாக இருக்கத் தேவையில்லை, சீழ் வடிய வழி இருந்தால் போதும். பெரிதாகத் தோண்டினால் ஆற நாளாகும்.

அதன்பிறகு வீட்டு வைத்தியம் உங்கள் கையில். பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீர், அதில் எப்சம் உப்பு கரைத்து, தினமும் இருவேளை கால் மணி நேரம் காலை வாளியில் வைத்திருங்கள். துடைத்துக் காயவிட்டு, மருத்துவர் தந்த மருந்தை வைத்து, மேலே ஒரு குழந்தை டயப்பரைச் சுற்றி, பார்சல் கட்டும் அகலமான டேப்பால் ஒட்டிவிடுங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் குளம்புக்கு இதைவிட மலிவான, ஈரம் புகாத கட்டு கிடையாது. டேப் குளம்போடு நிற்கட்டும், மேலே தோலைச் சுற்றி இறுக்க வேண்டாம். லாயத்தில் அவள் நிற்கும் இடம் காய்ந்திருக்க வேண்டும். மூத்திர ஈரத்தில் நின்றால் கட்டு போட்டும் பயனில்லை.

ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பைக் கேட்டு வாங்குங்கள். இதை இரண்டாம் முறை படியுங்கள். ரணஜன்னிக் கிருமிக்கு மிக எளிதில் பலியாகும் பிராணிகளில் குதிரை முதல் வரிசை. அதன் வித்துகள் சாணத்திலும் லாயத்து மண்ணிலும் இருக்கும், ஆணிக் காயம் அதற்குத் திறந்த வாசல். அப்பா காலத்தில் தடுப்பூசி போட்டதாக ஞாபகம் என்று எழுதியிருக்கிறீர்கள், அது கணக்கில் வராது. நோய் தெரிய ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகலாம். காது விறைத்து நிற்பது, கண்ணின் உள்மூலையிலிருந்து ஒரு சவ்வு விழியின் குறுக்கே வருவது, தாடை இறுகித் தின்ன முடியாமல் போவது, வால் தூக்கியபடி நிற்பது இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அது அவசரம்.

தீனியில் ஒரு தவறு செய்துவிடப் போகிறீர்கள் என்று பயப்படுகிறேன், ஏனென்றால் பாசம் உள்ளவர்கள்தான் இதைச் செய்வார்கள். "பாவம் நோயாளி" என்று கொள்ளையும் தவிட்டையும் கூட்டிப் போடுவார்கள். வேலை செய்யாமல் நிற்கும் குதிரைக்குத் தானியம் குறைய வேண்டும், புல்லும் வைக்கோலும்தான் முக்கிய உணவு. நிற்கிற குதிரைக்குத் தானியம் கூடினால் லாமினைட்டிஸ் வரும். குளம்புச் சுவரை உள்ளிருக்கும் எலும்போடு சேர்த்துப் பிடித்திருக்கும் அடுக்கு அழன்று பிடி விடுவதுதான் அந்த நோய். முற்றினால் எலும்பே அடித்தளத்தை நோக்கிச் சரிந்துவிடும். கடற்கரையில் ஆசையாகப் பிரெட்டும் பிஸ்கெட்டும் ஊட்ட வருகிறவர்களையும் இனி தடுங்கள்.

அதே நோய் இன்னொரு வழியிலும் வரும். ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நாள்கணக்கில் நின்றால், பாரத்தைத் தாங்கும் எதிர்க்காலில் வரும். 2006-ல் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி பந்தயத்தை வென்ற பார்பரோ என்ற குதிரை இரண்டே வாரத்தில் இன்னொரு பந்தயத்தில் பின்காலை முறித்துக்கொண்டது. உலகின் சிறந்த அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் எலும்பைச் சேர்த்தார்கள். ஆனால் மற்றக் கால்களில் லாமினைட்டிஸ் வந்து, 2007 ஜனவரியில் கருணைக்கொலை செய்யும்படி ஆயிற்று. அதனால்தான் "காத்திருந்து பார்ப்போம்" என்பது இந்த விஷயத்தில் உதவாது என்கிறேன்.

லாடமே இல்லாமல் விடலாமா?

நல்ல கேள்வி. மணலில் மட்டுமே நடக்கும் குதிரைக்கு, குளம்பு நல்ல வடிவத்தில் இருந்து மாதாமாதம் சீர்செய்யவும் ஆள் இருந்தால், லாடம் இல்லாமலேயே ஓட்டலாம். ஆனால் லட்சுமி தினமும் லாயத்திலிருந்து கடற்கரைக்குத் தாரோட்டில் நடந்து போய் வருகிறாள் என்கிறீர்கள். அந்தத் தேய்மானத்தை மாதம் 6 முதல் 10 மில்லிமீட்டர் வளர்ச்சி ஈடுகட்டுமா என்பதுதான் கணக்கு. ஆண்டுக்கணக்கில் லாடம் போட்ட குளம்பு வெறுங்காலுக்குப் பழகச் சில மாதம் ஆகும், அந்த மாதங்களில் வருமானம் இருக்காது. குளம்பு மேலிருந்து நுனிவரை புதிதாக வளர்ந்து முடிய 9 முதல் 12 மாதம். உங்கள் நிலையில் பின்கால்களை வெறுமையாக விட்டுப் பார்த்து, முன்கால்களுக்கு மட்டும் லாடம் கட்டுவது நடைமுறைக்கு ஒத்து வரும். லட்சுமிக்கு வலது முன்குளம்பு வெள்ளை, அதனால் இயல்பிலேயே பலவீனம் என்று எழுதியிருக்கிறீர்கள். குளம்பின் நிறத்துக்கும் உறுதிக்கும் தொடர்பில்லை. அந்தக் கவலையை விட்டுவிடலாம்.

கடல்நீரில் நிறுத்தினால் குளம்பு இறுகும் என்பதும் பாதி உண்மைகூட இல்லை. அலையில் நனைவதும் வெயிலில் காய்வதும் மாறிமாறி நடந்தால் சுவர் வெடிக்கும், ஆணித்துளைகள் தளரும். சவாரி முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். வண்டி எஞ்சினில் வடித்த கழிவு எண்ணெயைப் பூசுவது வேண்டவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னொரு தொல்லை: அடிப்பாதத்தின் நடுவில் இருக்கும் மெத்தென்ற முக்கோணப் பகுதி அழுகிக் கறுப்பாகக் கசிந்து நாறும். தினமும் இருவேளை கொக்கியால் அழுக்கைத் தோண்டி எடுத்து, காய்ந்த தரையில் நிறுத்தினாலே பெரும்பாலும் வராது.

புகார், விற்பனை

கால்நடைகளுக்கு லாடம் கட்டுவோர் உரிமம் பெற வேண்டும் என்று மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1965-லேயே விதிகள் வந்துவிட்டன. உரிமத்தைக் காட்டு என்று கேட்டு வேலை கொடுக்கும் ஒருவரையும் இதுவரை நான் கண்டதில்லை. நீங்களும் கேட்கவில்லை. கழற்றிய லாடத்தையும் ஆணிகளையும் தூக்கிப் போடாமல் வையுங்கள், குளம்பைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், மருத்துவமனைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். இழப்பீடு கேட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்பதை வழக்கறிஞரிடம்தான் கேட்க வேண்டும், தொழிலுக்காகப் பெற்ற சேவை என்பதால் அங்கே கேள்வி எழும்.

போலீஸ் புகாரைப் பொறுத்தவரை ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள். ஆணி தவறுவது தேர்ந்தவர் கையிலும் நடக்கும். காலைப் பிடுங்கியதும் அந்த ஆணியை எடுத்துவிட்டு உங்களிடம் சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது, அதுதான் அவர் பிழை. ஆனால் நோயுற்ற, காயம்பட்ட பிராணியை வேலை வாங்குவது அதே 1960 சட்டத்தின் 11-வது பிரிவில் குற்றம். ஞாயிற்றுக்கிழமைச் சவாரி அதில்தான் வரும். முதல் குற்றத்துக்கு 10 முதல் 50 ரூபாய் அபராதம்தான். ஆனால் நீதிமன்றம் குதிரையைச் சிகிச்சைக்கு அனுப்ப உத்தரவிட்டால் அந்தச் செலவும் உரிமையாளர் தலையில்தான் விழும். புகார் கொடுக்கப் போகும் இடத்தில் அந்தக் கேள்வியும் வரும் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். என்னைக் கேட்டால், அவரை அழைத்துக் குளம்பைக் காட்டுங்கள், வைத்தியச் செலவில் பங்கு கேளுங்கள். இனி குதிரைக்கு ஆணி அடிக்க வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். அவரிடம் அடுத்துப் போகிற குதிரைக்கும் அது நல்லது.

இப்போது விற்காதீர்கள். மூன்று காலில் நிற்கும் குதிரைக்கு யாரும் நல்ல விலை தர மாட்டார்கள், நல்ல எண்ணத்தோடும் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். எக்ஸ்ரேயில் எலும்புக்குப் பாதிப்பில்லை என்று தெரிந்தால், சீழ் வடிந்து சில வாரத்தில் அவள் பழையபடி நடக்க எல்லா வாய்ப்பும் இருக்கிறது. எலும்பையோ மூட்டையோ தொட்டிருந்தால் மருத்துவரோடு உட்கார்ந்து வேறு பேச்சுப் பேச வேண்டிவரும், ஆனால் அதற்கு முன்னால் முடிவெடுக்க ஒன்றுமில்லை. அதுவரை இரண்டாவது குதிரையை வைத்துச் சமாளியுங்கள். லட்சுமியின் பாரத்தையும் அதன் தலையில் ஏற்றிவிடாதீர்கள்.

அடுத்த லாடக்காரரிடம் பார்க்க வேண்டியவை

கிண்டி ரேஸ் கோர்ஸ் லாயங்களில் வேலை பார்த்தவர்கள், குதிரையேற்றம் கற்றுத்தரும் பள்ளிகளுக்குப் போய்வருபவர்கள், காவல்துறைக் குதிரைப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் என்று விசாரித்தால் கைதேர்ந்தவர்கள் கிடைப்பார்கள். ஒரு குதிரைக்காக அவ்வளவு தூரம் வர யோசிப்பார்கள். கடற்கரையில் சவாரி விடும் நான்கைந்து பேர் சேர்ந்து மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டால் அவருக்கும் கட்டுப்படியாகும், உங்களுக்கும் செலவு குறையும். முதல் தடவை வருபவரிடம் இவற்றைக் கவனியுங்கள்:

- வேலையைத் தொடங்கும் முன் குதிரையை நடக்கவிட்டுப் பார்க்கிறாரா.
- குளம்புக்குத் தக்கபடி லாடத்தை வளைக்கிறாரா, லாடத்துக்குத் தக்கபடி குளம்பை அராவித் தள்ளுகிறாரா. இரண்டாவதைச் செய்பவர் வேண்டாம்.
- குதிரை காலைப் பிடுங்கினால் அந்த ஆணியை உடனே எடுக்கிறாரா. எடுத்த துளையில் ஈரமோ ரத்தமோ இருந்தால் அந்தத் துளையை விட்டுவிட வேண்டும், உங்களிடமும் சொல்ல வேண்டும்.
- பழைய லாடத்தைக் கழற்றும்போது மடக்கிய ஆணி நுனிகளை முதலில் நிமிர்த்துகிறாரா. வாசலில் மாட்டவும் மோதிரம் செய்யவும் லாடம் கேட்டு வருகிறவர்கள் அவசரத்தில் நெம்பி எடுத்தால் சுவர் பெயர்ந்துவிடும். அவர்களைக் குதிரைப் பக்கமே விடாதீர்கள்.
- முடித்ததும் திரும்ப நடக்கவிட்டுப் பார்க்கிறாரா.

லாடம் கட்டி முதல் மூன்று நாள் குளம்பைக் கையால் தொட்டுப் பாருங்கள். நான்கில் ஒன்று மட்டும் சூடாக இருக்கிறதா? பாத மூட்டின் பின்பக்கம், இருபுறமும் இரண்டு விரலை வைத்தால் நாடி லேசாகத் தட்டுப்படும். வழக்கத்தில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். விரல் வைத்ததும் துள்ளுகிறது என்றால் குளம்புக்குள் ஏதோ நடக்கிறது. லட்சுமி நன்றாக இருக்கும் நாளிலேயே இதைத் தொட்டுப் பழகிக்கொள்ளுங்கள், அப்போதுதான் வித்தியாசம் தெரியும்.

கட்டு பிரித்த பிறகு, துளை காய்ந்து, வலி மருந்து எதுவும் இல்லாமல் நேராக நடக்கிறாள் என்று மருத்துவர் சொன்னால் மட்டும் மறுபடி லாடம். முதல் வாரம் ஆள் ஏறாமல் மணலில் நடை, பிறகு எடை குறைந்தவர்களோடு கொஞ்ச நேரம். அதுவரை வலது காலைப் பார்க்கும்போதெல்லாம் இடது முன்காலையும் தொட்டுப் பாருங்கள். அதில் சூடோ துள்ளும் நாடியோ தெரிந்தால் விடியட்டும் என்று இருக்காமல் அன்றைக்கே வேப்பேரிக்குக் கொண்டுபோங்கள்.